கந்தப்பு வேடக்காரனின் பதில்

தன்னை முற்றம் கூட்டுகிற தும்புத்தடியால் அடித்த ஊர்களின் பெயரை நிர்மலன் விரல் மடக்கிச் சொல்லுவான். இணுவிலில் ஒரு தடவை. கொடிகாமத்துப் பக்கம் இரண்டு தடவை. சங்கானையில் தும்புத்தடி கைக்கு எட்டாமல் ஒரு மனுசி குடையாலேயே இழுத்துவிட்டது ஒரு தடவை. சொல்லும்போது அவனுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். பரிசளிப்பு விழாவில் முதற்பரிசு வாங்கின பிள்ளைகூட அப்படி மலர்ந்து நிற்காது.

ஏன் மலரமாட்டான்? மானிப்பாயில் தண்ணீர்ப் பம்பி திருத்துகிற கடை வைத்திருக்கிற மனிதன். வெங்காயத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து போடுகிற மோட்டர்களோடு வாரம் முழுவதும் மாரடிக்கிறவன். சனி ஞாயிறு வந்தால் சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் சிவப்புத் துவாயைச் சுற்றி, ஊர் ஊராகப் போய்க் குடிகாரப் புருஷன் கந்தப்புவாக நிற்கிறான். பார்த்திருக்கிற சனம் இது நாடகம் என்பதையே மறந்து எழும்பி வந்து அடிக்கிறது. ஒரு நடிகனுக்கு இதைவிட வேறு என்ன பட்டம் வேண்டும்? அந்த நாடகத்துக்கு ஒழுங்கான பெயர் ஒன்று நோட்டீசிலே உண்டு. ஆனால் வலிகாமம் முழுக்க அது 'கந்தப்பு நாடகம்'தான். நோட்டீசை யார் படிக்கிறார்கள்?

நாடகத்தை நடத்துகிறவர் உதயகலா. வீட்டுக்குள் அடிபடுகிற பெண்களுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கி, பதினெட்டு வருடமாகத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறவர். பொலிசுக்கும் கோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து அவருடைய செருப்புத்தான் தேய்ந்ததே தவிர மனம் தேயவில்லை. நாடகத்தில் பெண்சாதியாக வருகிறவள் ஜெனிற்றா, பாலர் பாடசாலை ரீச்சர். டோல்கி தட்டிப் பாட்டுக் கட்டுகிறவர் ஓய்வு பெற்ற சங்கீத வாத்தியார் நவரட்ணம். பக்கப்பாட்டுக்கு இன்னும் மூன்று பெண்கள். அந்த மூவரும் புருஷன்மாரிடம் அடி வாங்கித் தப்பி நிலையத்துக்கு வந்து, பிறகு அங்கேயே காலூன்றி நின்றவர்கள்.

நிர்மலன் வந்து சேர்ந்தது ஐந்து வருடத்துக்கு முன்னர். நிலையத்துக் கிணற்றுப் பம்பி சுற்றாமல் நின்றுபோக, அதைப் பார்க்க வந்தான். அந்தக் கிழமைதான் பழைய கந்தப்பு விசா கிடைத்துக் கட்டாருக்குப் பறந்திருந்தார். கிணற்றடியில் நின்ற நெடுவல் ஒருவன், "சுவிச்சைப் போடுங்கோ!" என்று போட்ட சத்தம் உதயகலாவின் காதில் விழுந்தது. குரலும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது என்று அப்போதே கூட்டிக்கொண்டு போய் ஒத்திகையில் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு நடந்ததை ஜெனிற்றா இப்போதும் சொல்லுவாள். பழைய கந்தப்பு உள்ளே வந்தவுடன் பெண்சாதியின் கன்னத்தில் அறைவார். அப்படித்தான் நிர்மலனுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அடிக்கிற ஆள் நேரை கன்னத்துக்கு வராது," என்றான். "முதல்லை கதவைச் சாத்தும்."

சொல்லிவிட்டு, இல்லாத கதவு ஒன்றை மெல்லச் சாத்தினான். இல்லாத கொழுக்கியைப் போட்டான். பிறகு இல்லாத றேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். அதற்குப் பிறகுதான் ஜெனிற்றாவைத் திரும்பிப் பார்த்தான். அடி ஒன்றுமே விழவில்லை. அதற்குள் பக்கப்பாட்டுக்கு இருந்த பெண்களில் ஒருத்தி எழும்பி வெளியே போய்விட்டாள்.

"உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று உதயகலா கேட்டார்.

"ஊருலகத்திலை கேள்விப்படுறதுதானே அக்கா."

அந்த நிலையம் ஒரு பெரிய பிழை விட்டது அன்றைக்குத்தான். கெட்டிக்காரப் பெண்கள், அடியின் சரித்திரம் முழுக்கத் தெரிந்தவர்கள், ஒருவன் அடிக்கிற விதத்தைப் பார்த்து அவன் நல்ல நடிகன் என்று கண்டுபிடித்தார்கள். அந்த அடிகளை அவன் எந்தப் பக்கத்தில் நின்று படித்தான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கதவு நிலையில் தலை முட்டுகிற உயரத்தில் ஒரு ஆம்பிளை வந்து நின்றால் யாருக்குத்தான் அந்த யோசனை வரும்?

நிலையத்துக்கு வருமுன்னர் நிர்மலன் ஆறு வருடம் கல்யாணம் கட்டி வாழ்ந்தவன். அந்த ஆறு வருடமும் பெண்சாதியிடம் அடி வாங்கினவன். கதவு சாத்தப்படும், கொழுக்கி விழும், றேடியோ சத்தமாகும். அகப்பைக் காம்பு, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம், ஒருமுறை கொதிக்கிற தேத்தண்ணிக் கேத்தல். இடது தோளில் வெந்த தழும்பு இன்னும் கிடக்கிறது. கடையில் மோட்டர் வெடித்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். அவளைத் தூக்கி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றக்கூடிய உடம்பு அவனுடையது. ஒருநாளும் திருப்பிக் கை ஓங்கவில்லை. பயத்தினால் அல்ல. ஓங்கிவிட்டால் நானும் அந்த வீட்டில் கொழுக்கி போடுகிற ஆளாகிவிடுவேன் என்று அவனுக்குப் பட்டது.

ஒரு தடவை பொலிசுக்குப் போனான். முறைப்பாட்டை எழுத வேண்டியவர் பேனையை வைத்துவிட்டு உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டார், இந்தப் பகிடியை அவர்களும் கேட்கட்டும் என்று. வந்தார்கள், கேட்டார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. கடைசியில் அவள் தானாகவே ஒருநாள் தமையனோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போனாள். பிறகு கோட்டுக் கடதாசியில் பிரிந்தார்கள். அவளுடைய பெயரை அவன் சொல்வதில்லை. நாமும் சொல்லவேண்டாம்.

இப்படிப்பட்டவன்தான் கந்தப்பு. அதிலேயும் ஒரு விசேஷம் உண்டு. ஐந்து வருடத்தில் அவன் கை ஜெனிற்றாமேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. தன் தொடையிலேயே ஓங்கி அடித்துச் சத்தத்தை எழுப்புவான். அவள் விழுவாள். முன் வரிசையில் இருக்கிறவர்கள்கூடக் கண்டுபிடிக்க முடியாது. தொடை கன்றிப்போய்த்தான் திங்கட்கிழமை கடை திறப்பான், அதிலும் அவனுக்கு ஒரு தனிப் பெருமை. நாடகத்தினால் நன்மையும் உண்டு. இணுவிலில் நாடகம் நடந்த மறுநாள் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டாள். அவளுடைய தையல் மெசினையும் றங்குப்பெட்டியையும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நிர்மலன்தான். வழியெல்லாம் பிள்ளைகளில் சின்னது அவனைப் பார்த்துக் "கந்தப்பு, கந்தப்பு" என்று அழுதுகொண்டே வந்தது.

நவம்பர் இருபத்தைந்து தொடங்கிப் பதினாறு நாளும் பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான நாட்கள். யாழ்ப்பாணத்தில் எங்கே பார்த்தாலும் செம்மஞ்சள் கொடி பறக்கும். கூட்டங்களில் பெண்கள் ஒரு பக்கம் இருந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்லுவார்கள். ஆண்களை மற்றப் பக்கம் நிறுத்தி, ஆளுக்கொரு ரீசேட் கொடுத்து, வலது கையை நீட்டச் சொல்லிச் சத்தியம் வாங்குவார்கள். "என் வீட்டுப் பெண்களை நான் அடிக்கமாட்டேன்." நிர்மலன் ஐந்து வருடத்தில் ஐந்து தடவை சத்தியம் செய்தான். ஐந்து ரீசேட்டும் கடையில் எண்ணெய் துடைக்கிற துணியாகக் கிடக்கின்றன. அடி வாங்கினவனைப் பிடித்து வைத்து, அடிக்கமாட்டேன் என்று வருடா வருடம் சத்தியம் வாங்குகிற கெட்டித்தனம் வேறு எங்கே நடக்கும்?

அதைக்கூட அவன் சிரித்துக்கொண்டு தாண்டிவிடுவான். தாண்ட முடியாமல் கிடந்தது வேறொன்று.

நாடகம் முடிந்து கேள்வி நேரமும் முடிந்த பிறகு உதயகலா நடுவில் வந்து நிற்பார். சனம் எழும்பிச் சுற்றிவர வட்டமாக நிற்கும். "இந்த வட்டத்திலை நிக்கிற பொம்பிளையளிலை, வீட்டுக்குள்ளை அடி வாங்கின ஆக்கள் ஒரு எட்டு முன்னுக்கு வாங்கோ. பேர் வேண்டாம், கதை வேண்டாம். ஒரு எட்டுக் காணும்," என்பார். முதலில் பக்கப்பாட்டுப் பெண்கள் மூவரும் வருவார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் அசையமாட்டார்கள். பிறகு ஊர்ப் பெண்களில் ஒருத்தி வருவாள், பின்னால் இன்னொருத்தி. அந்த ஒரு எட்டை எடுத்து வைக்க இருபது வருடம் பிடித்தவர்களும் அதில் உண்டு.

அந்த நேரம் கந்தப்பு மட்டும் வட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். அடிக்கிறவனுக்கு அதைப் பார்க்கிற யோக்கியதை கிடையாது என்பது உதயகலா வைத்த சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் கந்தப்புவோடு சேர்ந்து நிர்மலனும் அல்லவா திரும்பி நிற்கவேண்டியிருந்தது! ஐந்து வருடமாக ஊர் ஊராக வேலியையும் மதிலையும் பார்த்தபடி, பின்னால் செருப்புகள் மண்ணில் அரைபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவனுடைய காலும் எழும்பப் பார்க்கும். அவனுக்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பேப்பரில் படம் வேண்டாம். அந்த ஒரு எட்டு வேண்டும்.

இந்த வருடம் ஐப்பசியில் பொறுக்கமுடியாமல் உதயகலாவிடம் போனான். நிலையத்தின் பின் விறாந்தையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, சேட்டைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். ஆறு வருடம் பட்டதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்தான் எடுத்தது. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

உதயகலா சிரிக்கவில்லை.

"நம்பிறன் நிர்மலன். ஒரு சொல்லிலையும் எனக்குச் சந்தேகமில்லை," என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப அக்கா, வட்டத்திலை நானும் ஒரு எட்டு..."

"அது மட்டும் ஏலாது தம்பி."

"ஏன் அக்கா?"

"கோவிக்காதையும். நான் படுற பாடு உமக்குத் தெரியும். ஒரு பெட்டை வந்து புருஷன் அடிக்கிறான் எண்டு வாய் திறந்தால், 'பொம்பிளையள் மட்டும் திறமே, அவையளும் அடிக்கினம்தானே' எண்டு சொல்லி அந்த வாயை அடைக்கக் கனபேர் காத்துக்கொண்டு நிக்கினம். நீர் ஒரு எட்டு முன்னுக்கு வந்தால், உம்மைக் காட்டியே நூறு பெட்டையளைப் பின்னுக்குத் தள்ளிப்போடுவாங்கள். உமக்கு ஆறுதலாக் கதைக்க ஒரு ஆளை ஒழுங்கு செய்து தாறன். வட்டத்துக்குள்ளை வேண்டாம்."

அவர் சொன்னது பொய் இல்லை என்று நிர்மலனுக்குத் தெரியும். அதுதான் கூட நொந்தது. நம்பாதவர்கள் வாசலால் துரத்தினால் கோபித்துக்கொண்டு போகலாம். நம்பினவரே வாசலில் நிறுத்தி வைத்தால் எங்கே போவது? அவர் ஒழுங்கு செய்த ஆளிடம் இரண்டு தடவை போய்வந்தான். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அந்த அறையில் இரண்டு கதிரைதான் இருந்தது.

நாடகத்தை விட்டுவிடுவோமா என்று ஒரு கிழமை யோசித்தான். விடவில்லை. தன்னைவிட்டால் கந்தப்புவைச் செய்ய இந்தக் குடாநாட்டில் ஆள் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பெருமைதான் அவனை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது.

கரவெட்டி நாடகம் டிசம்பரின் முதல் ஞாயிறு. காலை முழுக்க ஊற்றின மழை மூன்று மணிக்குத்தான் விட்டது. வாசிகசாலைக்கு முன்னால் சேறு. தோட்டக்காரர்கள் நாலைந்து ஓலைக்கடகம் உமி கொண்டுவந்து கொட்டிப் பரப்பினார்கள். பெண்கள் முன்னுக்குக் கதிரைகளில் இருந்தார்கள். ஆண்கள் பின்னுக்கு, தங்கள் சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் சாய்ந்தபடி, பார்க்க வரவில்லை, சும்மா நிற்கிறோம் என்கிற மாதிரி நின்றார்கள்.

"நிர்மலண்ணை, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று ஜெனிற்றா கேட்டாள். மானிப்பாயிலிருந்து வான் வண்டியில் வந்த நேரம் முழுக்க அவன் ஒரு பகிடிகூட விடவில்லை.

"சும்மா இரும். தொடங்கினால் சரியாகும்."

தொடங்கினவுடன் சரியாகத்தான் போயிற்று. கந்தப்பு கதவைச் சாத்திக் கொழுக்கியைப் போட, முன்னால் இருந்த பெண்களின் முதுகெல்லாம் கதிரையோடு ஒட்டின. தொடையில் விழுந்த அடிக்கு வாசிகசாலைக் கூரையில் இருந்த காகம் பறந்தது. நவரட்ணம் மாஸ்டரே தாளத்தைத் தவறவிட்டார். இதுவரை நடித்ததிலே இதுதான் திறம் என்று நிர்மலனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு கேள்வி நேரம். நடிகர்கள் வேடத்தைக் கலைக்காமல், நாடகம் முடிந்த நிலையிலேயே இருந்து, வேடத்தின் வாயாலேயே பதில் சொல்லவேண்டும். எந்த ஊரிலும் கந்தப்புவுக்குத்தான் கேள்வி கூட.

"ஏன்ரா அந்தப் பெட்டையைப் போட்டு அடிக்கிறாய்?" என்று ஒரு கிழவர் தொடங்கினார்.

"கறிக்கை உப்பில்லை."

"உப்புப் போட்டால் அடிக்கமாட்டியோ?"

"உப்புக் கூடிப்போச்செண்டு அடிப்பன்."

சனம் கொதித்தது. நிர்மலனுக்கு உள்ளே குளிர்ந்தது. அப்போதுதான் முன் வரிசையில் பச்சைச் சேலை உடுத்த ஒரு அம்மா எழும்பினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் இருந்தவள் "பொன்மலரக்கா, இருங்கோ" என்று சேலையைப் பிடித்து இழுக்க, அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எடேய் கந்தப்பு! நீ ஒருநாளாவது அடி வாங்கியிருக்கிறியே? கதவைப் பூட்டிப்போட்டு உன்னை ஆரும் அடிச்சிருக்கினமே? வாங்கியிருந்தால் உப்பிடி நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டு கதைக்கமாட்டாய்!"

இப்படிக் கேட்டால் சொல்ல ஒத்திகையில் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 'என்னை அடிக்கிற கை இன்னும் பிறக்கேல்லை.' நிர்மலன் அதைச் சொல்ல வாயைத் திறந்தான். தன் வாழ்நாளில் இந்தக் கேள்வியை ஒருவர் தன்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அந்த நிமிடம் அவனுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. பொலிசில், அவனாகச் சொன்னபோதும், கேட்கவில்லை. நிலையத்தில் ஐந்து வருடம் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவர்களும் கேட்கவில்லை. கரவெட்டியில் முன்பின் தெரியாத ஒரு அம்மா கேட்கிறார், அதுவும் கந்தப்புவைப் பார்த்து.

அவன் தலையில் சுற்றியிருந்த துவாயை அவிழ்த்தான். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான், பெரியவர்களோடு கதைக்கும்போது செய்கிற மாதிரி.

"அம்மா, இப்ப கதைக்கிறது கந்தப்பு இல்லை. என்ரை பேர் நிர்மலன். மானிப்பாயிலை பம்பி திருத்திறனான். நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுறன். ஓம். வாங்கியிருக்கிறன். கதவைப் பூட்டிப்போட்டுத்தான் அடிச்சது. ஆறு வருசம். அடிச்சது என்ரை மனிசி."

நவரட்ணம் மாஸ்டர் டோல்கியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். உமியில் விழுந்து கிடந்த ஜெனிற்றா மெல்ல எழும்பி உட்கார்ந்தாள்.

சிரிப்பு பின்னாலிருந்துதான் வந்தது, மோட்டார்சைக்கிள்களின் பக்கத்திலிருந்து. பிறகு அது முன்னுக்கும் பரவியது. பெண்களும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொலிசில் கேட்ட அதே சிரிப்பு. அன்றைக்கு அதைக் கேட்டு ஓடினவன் நிர்மலன். ஆனால் அன்றைக்கு அவன் நடிகன் இல்லை. சனத்தின் சத்தம் அடங்கும்வரை ஒரு மயிர்கூட அசையாமல் நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் நடிகன் என்று பெயர், அதை அவன் ஐந்து வருடமாகப் பழகியிருந்தான். நின்றான்.

சிரிப்பு அடங்கப்போகிற நேரம் பார்த்து, கறுப்புச் சேட்டுப் போட்ட ஒருவர் மோட்டார்சைக்கிளில் இருந்தபடி குரல் கொடுத்தார்.

"பாத்தியளே! நாங்கள் சொன்னால் ஆர் நம்பினியள்? பொம்பிளையளும் அடிக்கினம் எண்டு உங்கடை ஆளே சொல்லிப்போட்டான். பிறகென்னத்துக்கு நாடகம்? மூட்டையைக் கட்டிக்கொண்டு போங்கோ!"

இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். நிர்மலன் உதயகலாவைப் பார்த்தான். அவர் கோபப்படவில்லை. நான் சொன்னேனா இல்லையா என்றும் பார்க்கவில்லை. களைத்துப்போன ஒரு முகம், அவ்வளவுதான். பதினெட்டு வருட உழைப்பை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டேனே என்று நினைத்தான்.

"அண்ணை, ஒரு நிமிசம்," என்றான்.

குரல் உயரவில்லை. ஆனால் கடைசிச் சைக்கிள்வரைக்கும் கேட்டது.

"என்ரை தோளிலை ஒரு தழும்பு கிடக்கு. அது என்ரை. அதை நீங்கள் எடுத்துத் தடியாப் பிடிச்சு இந்தப் பொம்பிளையளுக்கு ஓங்க நான் விடமாட்டன். என்னை அடிச்ச ஆள் பொம்பிளை. கந்தப்பு ஆம்பிளை. ஆனால் ரெண்டு பேரும் நிக்கிறது ஒரே பக்கத்திலை, கொழுக்கியைப் போடுற பக்கத்திலை. நான் நிக்கிறது இஞ்சாலை. கொழுக்கி விழுற சத்தம் கேட்டு நடுங்கிற பக்கத்திலை." பக்கப்பாட்டுப் பெண்கள் மூவரையும் கையால் காட்டினான். "இவையள் நிக்கிற பக்கத்திலை. இவையளோடை சேர்ந்து அஞ்சு வருசமா ஊர் ஊராத் திரியிறன், அதிலை எனக்குப் பெருமை. எனக்கு நடந்ததைச் சொல்லி இவையளின்ரை வாயை அடைக்கலாமெண்டு நினைச்சால், முதல்லை என்ரை வாயை அடைக்கவேணும். ஏலுமெண்டால் அடைச்சுப் பாருங்கோ அண்ணை."

கறுப்புச் சேட்டுக்காரர் பூட்டில் கிடந்த மோட்டார்சைக்கிள் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ ஒருவர் சிரித்தார். இந்த முறை சிரிப்பு நிர்மலனைப் பார்த்து அல்ல.

உதயகலா நடுவில் வந்து நின்றார். கதிரைகள் பின்னுக்குத் தள்ளப்பட, சனம் எழும்பி வட்டமாயிற்று. அந்த இடத்துக்கு வந்தால் திரும்புகிற பழக்கத்தில் நிர்மலனின் உடம்பு தானாகவே மதில் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"நிர்மலன், திரும்பாதையும்," என்றார் உதயகலா.

பிறகு, "இந்த வட்டத்திலை நிக்கிற ஆக்களிலை, வீட்டுக்குள்ளை அடி வாங்கின ஆக்கள் ஒரு எட்டு முன்னுக்கு வாங்கோ," என்றார். பொம்பிளையள் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

பக்கப்பாட்டுப் பெண்கள் மூவரும் முன்னால் வந்தார்கள். வந்தவர்கள் தங்களுக்கு நடுவிலே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். நிர்மலனுக்குக் கால் எழும்பவில்லை. ஐந்து வருடமாகத் துடித்துக்கொண்டு நின்ற அதே கால், இப்போது உமியில் புதைந்து கிடந்தது. நிமிர்ந்து உதயகலாவைப் பார்த்தான். அவர் வாரும் என்று தலையை ஆட்டினார்.

ஒரு எட்டு வைத்தான்.

அவனுக்குப் பெருமையாக இருந்தது. கந்தப்புவினால் கிடைத்த பெருமைகள் எல்லாம் இதற்குக் கிட்டவும் வராது. அவை ஒரு வேடக்காரனுக்குக் கிடைத்தவை. இது அடியை வாங்கி, திருப்பிக் கொடுக்காமல், பொய் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் நேராக நடந்து வந்து நிற்கிற நிர்மலனுக்குக் கிடைத்தது. சேட்டு வேர்வையில் நனைந்திருந்தது, தொடை நொந்தது, முகம் என்ன கோலத்தில் இருந்ததோ தெரியாது. ஆனால் தன்னுடைய உயரம் முழுவதும் தன்னுடையதுதான் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அசையவும் இல்லை. ஊர்ப் பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்குத் தன்னால் ஒருத்தியும் வரமாட்டாளோ என்று அவன் பயந்துகொண்டிருந்தபோது, யாரோ முழங்கையால் அவனுடைய விலாவில் இடித்தார்கள். பச்சைச் சேலை. பொன்மலர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாலை கொஞ்சம் தள்ளி நில்லும் தம்பி," என்றார். "நீர் மட்டுமே அடி வாங்கினனீர்?"

நிர்மலன் தள்ளி நின்று இடம் விட்டான்.